ஷத்தோ எல்லாம் கோட்டை அல்ல

ஷம்போர் கோட்டை, ஷெனோன்சோ கோட்டை, புளுவா கோட்டை. பிரான்சின் லுவார் ஆற்றுப் பகுதியைப் பற்றித் தமிழில் வரும் பயணக் கட்டுரைகளிலும் காணொளிகளிலும் இது ஓயாமல் காதில் விழுகிறது. பிரெஞ்சில் ஷத்தோ என்று இருந்தால் தமிழில் கோட்டை என்று போட்டுவிடுகிறார்கள். ஷெனோன்சோவின் படத்தை ஒரு முறை பார்த்தாலே இந்தச் சொல் ஒட்டாதது தெரிந்துவிடும். ஷேர் ஆற்றின் குறுக்கே பாலத்தின்மேல் எழுப்பிய நீண்ட கூடம், வரிசையாகப் பெரிய சன்னல்கள், இரு பக்கமும் பூந்தோட்டம். பழைய காவற்கோபுரம் ஒன்று ஓரமாக நிற்கிறது, அவ்வளவுதான். இதை முற்றுகையிட யாரும் உழிஞைப் பூச் சூடி வர வேண்டியதில்லை.

சொல் பிறந்த கதை சின்னதுதான். இலத்தீனில் காஸ்ட்ரம் என்றால் அரண் சூழ்ந்த படைவீடு. அதன் சிறு வடிவம் காஸ்டெல்லும். பழைய பிரெஞ்சில் அது ஷஸ்தெல் என்றாகி, நடுவிலிருந்த ஸ் ஒலி தேய்ந்து, ஷத்தோ ஆயிற்று. பிரெஞ்சு எழுத்தில் முதல் உயிரின் தலைமேல் போடும் கூரைக்குறி அந்தத் தேய்ந்த ஒலியின் தடம். நார்மண்டியில் முதலெழுத்தின் ககர ஒலி மாறாமல் நின்றது. அந்த வடிவம் கடல் தாண்டி இங்கிலாந்து போய் காசில் ஆனது.

தவறு தொடங்குவதும் அங்கேதான். நம் மொழிபெயர்ப்பாளர்கள் ஷத்தோவைப் பிரெஞ்சிலிருந்து எடுப்பதில்லை. ஆங்கிலத்தின் காசில் வழியாகச் சுற்றிக்கொண்டு வந்து, அதற்கு அகராதியில் முதலில் இருக்கும் கோட்டையைப் பிடித்துக்கொள்கிறார்கள். ஆங்கிலேயர்கள்கூட ஷம்போரைப் பெரும்பாலும் ஷத்தோ என்றேதான் எழுதுகிறார்கள். பிறப்பில் உடன்பிறந்த சொற்களாக இருந்தாலும், இன்று இரண்டும் ஒரே பொருளைச் சொல்வதில்லை என்பது அவர்களுக்குத் தெரியும்.

ஷத்தோ பொருள் மாறியதற்குக் காரணம் வரலாறு. பதினோராம் நூற்றாண்டில் ஒரு பிரபுவின் வீடு என்றாலே அது அரணாகத்தான் இருக்க வேண்டும். பிறகு பீரங்கி வந்தது, அரசரின் கை ஓங்கியது, தனி மதில்களுக்கு வேலை குறைந்தது. 1626இல், முதலமைச்சர் ரிஷ்லியு காலத்து அரசாணை, எல்லைக் காவலுக்குத் தேவைப்படாத அரண்களை இடிக்கவே சொன்னது. வீடு நின்றது, அரண் போயிற்று, பெயர் மட்டும் மாறவில்லை. அதனால்தான் போருக்கென்று கட்டியதைத் தனித்துச் சொல்ல வேண்டிய இடத்தில் பிரெஞ்சுக்காரர்கள் ஷத்தோ ஃபோர், அதாவது வலுவான ஷத்தோ, என்று அடைமொழி சேர்க்கிறார்கள். தனியாக ஷத்தோ என்றாலே கோட்டை என்றால், அந்த அடைமொழிக்கு அங்கே என்ன வேலை?

ஷம்போரில் அகழி இருக்கிறதே, மூலைக்கு மூலை உருண்டைக் கோபுரம் இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். இருக்கின்றன, உண்மைதான். ஆனால் 1519இல் பிரெஞ்சு அரசர் முதலாம் பிரான்சுவா அதைத் தொடங்கியது வேட்டைக்கும் பெருமைக்கும். கோபுரங்கள் பழைய பிரபுக் குலத்தின் அடையாளமாக வைத்தவை. குளிர்காய 282 கணப்படுப்புகளும், ஏறுபவரும் இறங்குபவரும் ஒருவர்மேல் ஒருவர் மோதாத இரட்டைச் சுருள் படிக்கட்டும் உள்ள கட்டடம் அது. சுற்றி 32 கிலோமீட்டருக்கு மதில் ஓடுகிறது என்பதை ஆதாரமாகக் காட்டுகிறவர்களும் உண்டு. அது மான்களும் காட்டுப்பன்றிகளும் வெளியே போகாமலிருக்கப் போட்ட பூங்கா மதில். வள்ளுவர் அரணுக்கு உயர்வு, அகலம், திண்மை, அருமை என்று நான்கு கேட்கிறார். ஷம்போரில் முதல் இரண்டு தாராளமாக உண்டு. நெருங்க முடியாத அருமை எங்கே இருக்கிறது?

சரி, தமிழில் என்ன சொல்வது? அரண்மனை என்றுதான் சொல்ல வேண்டும். இது புதிதாக உருவாக்கிய சொல்லும் அல்ல. அரண் உடைய மனை அரண்மனை. காலப்போக்கில் அரண் என்ற பொருள் மங்கி, பெருமனை என்ற பொருள் மிஞ்சியது. ஷத்தோ நடந்து வந்த அதே வழி இது. இப்படிப் பொருந்துகிற சொல் கையில் இருக்கும்போது வேறொன்றைத் தேடுவது எனக்குப் புரியவில்லை.

அரண்மனை என்றால் அரசன் வாழுமிடம் அல்லவா, ஷெனோன்சோவைக் கட்டிய தோமா போயே அரசரின் நிதி அதிகாரிதானே என்று மறுப்பு வரும். நம் வழக்கில் சேதுபதிகளின் வீடு மட்டும் அரண்மனை அல்ல, சின்ன ஜமீன்களின் வீடும் அரண்மனைதான். ஊரில் பெரிய அதிகாரம் உடையவரின் வீட்டுக்கு அந்தச் சொல்லைத் தமிழர்கள் தயங்காமல் கொடுத்திருக்கிறார்கள். இன்னொன்றும் இருக்கிறது. வெர்சாயை நாம் எல்லோரும் வெர்சாய் அரண்மனை என்றுதான் எழுதுகிறோம். பிரெஞ்சில் அதன் பெயரும் ஷத்தோ தான்! அங்கே சரியாக வந்த சொல் ஷம்போருக்கு வரும்போது மட்டும் ஏன் கோட்டையாக வேண்டும்?

கோட்டை என்ற சொல்லை நான் ஒதுக்கவில்லை. கோடு என்றால் வளைவு, வளைத்துக் கட்டியது கோட்டை என்பார்கள். மதில்தான் அந்தச் சொல்லின் உயிர். இங்கிலாந்து அரசர் சிங்க நெஞ்சன் ரிச்சர்ட் 1196 முதல் சேன் ஆற்றின் மேலே பாறையில் எழுப்பிய ஷத்தோ கையார் சந்தேகமில்லாமல் கோட்டை. 1204இல் பிரெஞ்சு அரசர் பிலிப் ஒகுஸ்து அதைப் பிடிக்க மாதக்கணக்கில் முற்றுகையிட வேண்டியிருந்தது. தென் பிரான்சின் கார்க்கசோனில் இரண்டு சொல்லும் ஒரே இடத்தில் தேவைப்படும். இரட்டை மதிலும் 52 கோபுரங்களும் சூழ்ந்த பழைய ஊர் முழுவதும் கோட்டை. அதற்குள்ளே ஆட்சியாளர் இருந்த கட்டடத்தின் பெயர் ஷத்தோ கொந்தால். இதையும் கோட்டை என்று எழுதினால், வாசகர் எந்த வாசலில் நிற்கிறார் என்பதே தெரியாது. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் கட்டி, 1761இல் ஆங்கிலேயர் தகர்த்த கோட்டையைக்கூட அவர்கள் ஃபோர் லூயி என்றார்களே தவிர, ஷத்தோ லூயி என்று சொல்லவில்லை.

கோட்டை நகரம் என்று ஒரு தொடரும் புழங்குகிறது. அம்புவாஸ், லோஷ் போன்ற ஊர்களை அப்படி எழுதுகிறார்கள். கார்க்கசோனுக்கு அது தகும், ஏனென்றால் ஊரே மதிலுக்குள் இருக்கிறது. லோஷில் நிலைமை வேறு. மேட்டில் மதில் சூழ்ந்த அரச வளாகம், அதன் காலடியில் கடைவீதிகளோடு ஊர். இப்படி அரணை ஒட்டி வளர்ந்த குடியிருப்பைப் பிரெஞ்சில் பூர் என்றார்கள், அதற்கும் வெளியே படர்ந்ததை ஃபோபூர் என்றார்கள். நம்மிடம் இதற்குப் பேட்டை இருக்கிறது. கோட்டைக்கு வெளியே வணிகரும் தொழிலாளரும் குடியேறிச் சந்தை கூடிய இடம்தான் பேட்டை. ஃபோபூரைப் பேட்டை என்று எழுதினால் அந்த ஊரின் பிழைப்பும் சேர்ந்து தெரியும். புறநகர் என்று போட்டால் இருபதாம் நூற்றாண்டின் வீட்டுமனைத் திட்டம்தான் நினைவுக்கு வருகிறது. ரிஷ்லியு 1631 முதல் தன் பெயரிலேயே கட்டிய ஊருக்கு மட்டும் இது பொருந்தாது. அது தானாக வளர்ந்த பேட்டை அல்ல, கயிறு பிடித்து அளந்த நேர்த்தெருக்களோடு போட்ட புத்தூர். அங்கிருந்த அவருடைய ஷத்தோ இடிந்துபோய் இன்று ஊர்தான் மிஞ்சியிருக்கிறது.

அப்புறம், கோட்டைகளைப் பற்றிப் பேசும்போது வரும் தோன்ஜோன் என்ற பிரெஞ்சுச் சொல். இதைக் காணும்போதெல்லாம் நிலவறை, பாதாளச் சிறை என்று எழுதுகிறவர்கள்மேல் எனக்கு உண்மையாகவே கோபம் வருகிறது. ஆங்கிலத்தில் அந்தச் சொல் டஞ்சன் ஆகிச் சிறைக்குப் போய்விட்டது, பிரெஞ்சில் போகவில்லை. அங்கே அது கோட்டையின் நடுவில் நிற்கும் பெருங்கோபுரம், தலைவனின் இறுதிப் புகலிடம். லோஷின் தோன்ஜோன் 36 மீட்டர் உயரம். பிற்காலத்தில் அந்த வளாகம் சிறையாகி, மிலான் பிரபு லுதோவிக்கோ ஸ்ஃபோர்சாவை அங்கே அடைத்து வைத்தார்கள் என்பது வேறு செய்தி. ஆகாயத்தில் நிற்கும் கோபுரத்தை மண்ணுக்குள் இறக்கிவிட்டு, கீழே படத்தையும் போடுகிறோம். உள்ளரண் கோபுரம் என்று எழுதினால் குழப்பமே இல்லை.

இரண்டு இடத்தில் அரண்மனையும் உதவாது. போர்தோவின் ஒயின் புட்டியில் இருக்கும் ஷத்தோ திராட்சைத் தோட்டத்தின் பெயர், அதை ஷத்தோ என்றே விட்டுவிடலாம். ஷத்தோ தோ என்று பிரெஞ்சு ஊர்களில் உயரமாக நிற்பது நம் ஊர்த் தண்ணீர்த் தொட்டிதான்.