திரையில் எண் தெரிந்தால் மட்டும் போதுமா? பழைய டைவ் கம்ப்யூட்டர்களைப் பற்றிச் சில எச்சரிக்கைகள்

நீருக்கடியில் ஆழத்தையும், பாதுகாப்பாகத் தங்கக்கூடிய நேரத்தையும் கணக்கிட்டுக் காட்டும் கருவியே டைவ் கம்ப்யூட்டர். ஸ்கூபா கருவிகளைப் பழுது பார்க்கும் என் மேசைக்கு வரும் பழைய டைவ் கம்ப்யூட்டர்களில் பெரும்பாலானவை, "நன்றாகத்தான் வேலை செய்கிறது, பேட்டரியை மட்டும் மாற்றிக் கொடுங்கள்" என்ற ஒரே வாக்கியத்துடன்தான் வருகின்றன. அப்படி வந்த ஒன்றில் புதிய பேட்டரியைப் பொருத்தி இயக்கியபோது, தொடக்கத்தில் எல்லாக் கோடுகளும் ஒரே நேரத்தில் ஒளிரும் அந்தச் சில நொடிகளில், ஆழம் காட்டும் இடத்தின் ஒன்றாம் இலக்கத்தில் நடுக்கோடு மட்டும் தெரியவில்லை. 2, 3, 5 போன்ற எண்கள் உடைந்து தெரியும் என்பதால் அவற்றில் குறை உடனே புலப்பட்டுவிடும். ஆனால் நடுக்கோடு இல்லாத 8 ஓர் ஒழுங்கான 0 ஆகவே கண்ணுக்குத் தெரியும். 28 மீட்டரில் இருப்பவர் தாம் 20 மீட்டரில் இருப்பதாக நம்பிக்கொண்டிருப்பார். இத்தனை டைவ்களிலும் அந்தத் தொடக்கத் திரையை ஒருமுறையாவது உற்றுப் பார்த்ததுண்டா என்று உரிமையாளரிடம் கேட்டேன். அது எதற்காக வருகிறது என்பதே அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

பேட்டரி மாற்றுவது எளிய வேலைதான். தண்ணீர் உள்ளே புகுவதற்கு வழி திறப்பதும் பெரும்பாலும் அதே வேலைதான். மூடியில் நீர் புகாமல் அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கை ஊசியாலோ கத்தி முனையாலோ நெம்பி எடுப்பவர்கள், ஓ-ரிங் உட்காரும் பள்ளத்தில் கண்ணுக்கு எளிதில் புலப்படாத கீறலை விட்டுவிடுகிறார்கள். பிறகு எத்தனை புதிய ஓ-ரிங் போட்டாலும் அந்தக் கீறல் வழியே உப்புநீர் கசியும். பள்ளத்தைப் பஞ்சுநூல் உதிராத துணியால் துடைத்து, வெளிச்சத்தில் உருப்பெருக்கி வைத்துப் பார்க்க வேண்டும். ஒற்றைத் தலைமுடி குறுக்கே கிடந்தாலும் அடைப்பு பாழ். சிலிக்கான் கிரீஸ் ஓ-ரிங்கின் மேல் மெல்லிய பளபளப்பாகத் தெரியும் அளவுக்கு இருந்தால் போதும். அப்பிவைத்தால் அது மணலைத்தான் பிடித்து வைத்துக்கொள்ளும்.

பல பழைய மாடல்களில் பேட்டரியைக் கழற்றியவுடன், நீருக்கடியில் சுவாசித்ததால் உடலில் கரைந்து தங்கியுள்ள நைட்ரஜனைப் பற்றிய கணக்கு முழுவதும் அழிந்துவிடும் என்பதை யாரும் மறக்கக் கூடாது. காலையில் இரண்டு டைவ் முடித்துவிட்டு மதியம் பேட்டரி மாற்றிய கருவி, தன்னை அணிந்திருப்பவர் அன்று நீரிலேயே இறங்கவில்லை என்று நினைத்துக் கணக்குப் போடும். ஆகவே கடைசி டைவுக்குப் பின் குறைந்தது 24 மணி நேரம் கழித்தே மாற்ற வேண்டும். நான் 2 நாள் விடச் சொல்வேன். மாற்றிய பிறகு மீட்டரா அடியா என்பதையும், நைட்ராக்ஸ் எனப்படும் ஆக்சிஜன் கூட்டிய காற்றின் ஆக்சிஜன் விழுக்காட்டையும், தேதியையும் மறுபடி சரிபார்ப்பது அவசியம்.

அழுத்தத்தை அளக்கும் சென்சார், கருவியின் பின்புறச் சிறு துளைகளுக்கு உள்ளே இருக்கிறது. அங்கே உப்பு படிந்தால், துளையைக் குத்திவிடவோ காற்றழுத்தத்தால் ஊதிவிடவோ கூடாது. அதன் மெல்லிய சவ்வு கிழிந்துவிடும். வெதுவெதுப்பான நன்னீரில் நெடுநேரம் ஊறவைப்பதே சரியான வழி. கடல்மட்டத்தில் வைத்திருக்கும் கருவி உயரமான மலைப்பகுதியில் இருப்பதாகச் சொல்லும் மலைக் குறியீட்டைத் தொடர்ந்து காட்டினால், சென்சார் தன் அளவிலிருந்து விலகிவிட்டது என்று நான் முதலில் சந்தேகப்படுவேன்.

ஒப்பிடும்போது செய்யும் தவறுதான் எல்லாவற்றிலும் பெரியது. இரண்டு கருவிகளின் ஆழத்தை ஒப்பிட வேண்டுமென்றால் இரண்டையும் ஒரே கயிற்றில், ஒரே மட்டத்தில் கட்டி, 10, 20, 30 மீட்டரில் குறித்துக்கொள்ள வேண்டும். வேறுபாடு ஆழத்துக்கு ஏற்ப வளர்ந்தால், ஒன்று கடல்நீருக்கும் மற்றது நன்னீருக்கும் அமைக்கப்பட்டிருக்கக் கூடும். இவ்விரண்டு நீரின் அடர்த்தி ஏறத்தாழ 3 விழுக்காடு வேறுபடுவதால் 30 மீட்டரில் ஒரு மீட்டரை நெருங்கும் விலகல் இயல்பானதே. எல்லா ஆழத்திலும் ஒரே அளவு விலகல் இருந்தால் அது சென்சாரின் குறை. ஆழங்கள் ஒத்துப்போன பிறகும், டிகம்ப்ரஷன் நிறுத்தமின்றி, அதாவது மேலேறும் வழியில் நைட்ரஜன் வெளியேற இடையில் நின்று காத்திருக்கத் தேவையின்றி, இன்னும் எத்தனை நிமிடம் இருக்கலாம் என்ற எண்கள் வேறுபடுவதைப் பழுதென்று எண்ண வேண்டாம். ஏறத்தாழ 30 மீட்டர் ஆழத்துக்கு அமெரிக்கக் கடற்படை அட்டவணை 25 நிமிடம் தருகிறது, பொழுதுபோக்கு டைவர்களுக்கான பாடி அமைப்பின் அட்டவணை 20 நிமிடம் தருகிறது. கம்ப்யூட்டர்களும் இப்படித்தான்: சுவிஸ் மருத்துவர் பியூல்மானின் கணக்கைப் பின்பற்றுவது ஒன்று, நுண்குமிழிகளையும் கருத்தில் கொள்வது இன்னொன்று.

மேலேறும் வேகத்தில் பழைய கருவிகள் இன்னும் தாராளமானவை. ஒரு காலத்தில் நிமிடத்துக்கு 18 மீட்டர் ஏறலாம் என்பதே வழக்கம்; அமெரிக்கக் கடற்படை 1993-இல் அதை ஏறத்தாழ 9 மீட்டராகக் குறைத்தது. அந்தப் பழைய வழக்கத்தின்படி அமைக்கப்பட்ட கருவி, இன்று அதிவேகம் எனக் கருதப்படும் ஏற்றத்துக்கும் எச்சரிக்கை ஒலி எழுப்பாமல் மௌனமாக இருக்கும்.

மணிக்கட்டில் இரண்டு கருவி அணிந்தால் கடுமையாகக் கணக்கிடுவதையே கடைசிவரை பின்பற்ற வேண்டும். அது நிறுத்தச் சொல்லும்போது மற்றதைப் பார்த்து ஆறுதல் அடையக் கூடாது. டைவ் தொடரின் நடுவில் பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டுவதும் கூடாது, முந்தைய டைவ்களின் கணக்கு புதியதில் இல்லை.

நடுக்கோடு போன அந்தக் கருவியைப் பேட்டரி இல்லாமலே திருப்பிக் கொடுத்தேன். உரிமையாளருக்கு வருத்தம்தான்.