ஓங்கி அடித்தால் பந்து போகாது, டிவிதான் போகும்

இந்த மாதத்தில் இது மூன்றாவது டிவி. 55 இன்ச், வாங்கி எட்டு மாதம்கூட ஆகவில்லை, இரண்டு பேர் தூக்கிவந்து மேசையில் வைத்தார்கள். "துடைக்கும்போது கை பட்டு விழுந்துடுச்சு சார்" என்றார் வீட்டுக்காரர். கீழே விழுந்த டிவி பெரும்பாலும் மூலையிலிருந்துதான் விரியும். இதுவோ நட்டநடுவில் ஒரே புள்ளியில் அடி வாங்கி, சுற்றிலும் சிலந்தி வலை மாதிரி விரிந்திருந்தது. "வீ கோல்ஃபா, ஸ்விட்ச் கோல்ஃபா?" என்று கேட்டேன். கூட வந்த பையன் சிரித்துவிட்டான்.

டிவி, கேம் கன்சோல் ரிப்பேர்தான் என் தொழில். வீ, ஸ்விட்ச் இரண்டும் நிண்டெண்டோவின் கேம் கன்சோல்கள், ரிமோட்டை மட்டை மாதிரி பிடித்து டிவி முன்னால் நின்று வீசி ஆடலாம். டென்னிஸ் ஆடியும் உடைத்துக்கொண்டு வருகிறார்கள், ஆனால் கோல்ஃப் அதைவிட மோசம். பக்கவாட்டில் நின்று வீசும்போது கை போய் முடிகிற திசையிலேயே டிவி நிற்கிறது. பேனல் உடைந்தால் வாரண்டி கிடையாது, மாற்றினால் செலவு புது டிவி விலையை நெருங்கும். இதை ரிச்சி தெருவில் நாலு கடை ஏறி விசாரித்துவிட்டுத்தான் பலர் நம்புகிறார்கள்.

என்னைக் கடுப்பேற்றுவது உடைந்த டிவி இல்லை, அடுத்து வருகிற கேள்விதான்: "வேகமா வீசினாத்தானே சார் தூரமா போகும்?" போகாது. 2006இல் வந்த வீ ரிமோட்டுக்குள் இருப்பது ஆக்சிலரோமீட்டர் என்கிற சின்ன சிப். உங்கள் தோள் பலம் அதற்குத் தெரியாது, அசைவின் வேகம் எப்படி மாறுகிறது என்பது மட்டும்தான் தெரியும். அதையும் ஏறத்தாழ 3 ஜி வரை (அதாவது புவியீர்ப்பைப் போல மூன்று மடங்கு) அளப்பதற்கான சிப் அது, வெறி பிடித்த மாதிரி வீசினால் அந்த எல்லையைச் சுலபமாகத் தாண்டிவிடலாம். சரி, சிப்பை விடுங்கள், ஆட்டமே பலத்தைக் கேட்கவில்லை. திரையில் பவர் மீட்டர் இருக்கிறது. அது நிரம்பினால் கையில் இருக்கிற மட்டைக்கு அதுதான் உச்சம். அதையும் தாண்டி வீசினால் பந்து வளைந்துபோய் மணலிலோ தண்ணீரிலோ விழும். ஓங்கி அடிப்பதற்கு ஆட்டம் தண்டனை கொடுக்கிறது, நீங்களோ இன்னும் பலம் போதவில்லை என்று நினைத்து மறுபடியும் ஓங்குகிறீர்கள். ஏழு வயதுப் பிள்ளை அப்பாவை ஜெயிப்பதெல்லாம் இதனால்தான்.

ஸ்கோர் குறைய வேண்டுமென்றால் (கோல்ஃபில் குறைவதுதான் நல்லது, அதையும் சொல்லவேண்டியிருக்கிறது) ஏ பட்டனை அழுத்தாமல் நாலைந்து முறை வீசிப் பாருங்கள். பந்து நகராது, மீட்டர் மட்டும் ஏறி இறங்கும். எந்த அளவு அசைத்தால் எவ்வளவு ஏறுகிறது என்று கைக்குப் பழகட்டும். மேப்பில் தெரியும் புள்ளிகள் மீட்டரின் கோடுகளுக்குப் பொருந்துபவை, அதனால் குழியைக் காட்டும் கொடி இரண்டாவது புள்ளிக்குப் பக்கத்தில் இருந்தால் இரண்டாவது கோடு வரைக்கும் போதும். மட்டைகள் மொத்தமே நாலு, டிரைவர், அயர்ன், வெட்ஜ், பட்டர் (பந்தைக் குழிக்குள் தட்டிவிடுகிற மட்டை), அவ்வளவுதான். காற்றின் அம்புக்குறியைப் பார்த்துக் கொஞ்சம் எதிர்ப்பக்கம் குறிவையுங்கள். பட்டர் எடுத்த பிறகாவது கடிகாரப் பெண்டுலம் மாதிரி மெதுவாக ஆட்டுங்கள், தயவுசெய்து.

அப்புறம் ரிமோட்டைக் கையோடு பிணைக்கிற அந்த மணிக்கட்டு நாடா. வீ வந்த ஒரே மாதத்தில், 2006 டிசம்பரில், நிண்டெண்டோ 0.6 மில்லிமீட்டர் கயிற்றை 1 மில்லிமீட்டராகத் தடிமனாக்கி, ஏற்கெனவே விற்றிருந்த சுமார் 32 லட்சம் நாடாக்களை மாற்றித் தருவதாக அறிவித்தது. அடுத்த வருடம் ரிமோட்டுக்குச் சிலிகான் உறையும் வந்தது. அதெல்லாம் வந்தும் நம் வீடுகளில் நாடா பெட்டிக்குள்ளேயே தூங்குகிறது. நம் ஊர் வேர்வைக் கையில் வழுக்காமல் என்ன செய்யும்? கை துடையுங்கள், நாடாவை மாட்டி இறுக்குங்கள், மீட்டர் நிரம்பியதும் கையை நிறுத்துங்கள். பின்னால் குழந்தை நிற்கிறதா, தலைக்கு மேல் ஃபேன் எவ்வளவு தாழ்வாக இருக்கிறது என்று பார்த்துவிட்டு ஓங்குங்கள்.

ஸ்விட்ச் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. ஸ்விட்ச் ஸ்போர்ட்ஸ் என்கிற விளையாட்டுத் தொகுப்பில் 2022 நவம்பரில் கோல்ஃப் சேர்ந்தது. ஸ்விட்சின் ரிமோட்டான ஜாய்கானுக்கு வரும் நாடாவில் பிளஸ், மைனஸ் குறி இருக்கும். பிளஸ் இருக்கிற ஜாய்கானில் பிளஸ் நாடா, மைனஸில் மைனஸ். மாற்றிச் செருகினால் சிக்கிக்கொள்ளும். சிக்கிவிட்டால் குறடு போட்டு இழுக்காதீர்கள், அப்படியே கடைக்குக் கொண்டுவாருங்கள். அதைக் கழற்றித் தருவதற்கு நான் காசு வாங்குவதில்லை.