'குறைந்தபட்ச ஊடுருவல்' அன்று, 'சிறுதுளைச் சிகிச்சை'

கோத்தகிரியில் தேயிலைத் தோட்ட வேலைக்குச் செல்லும் என் அக்காள் மகன், கல்லீரல் சுருக்க நோயால் இரைப்பைச் சிரைகள் புடைத்து இரத்த வாந்தி எடுத்தபின், சமவெளி மருத்துவமனை ஒன்று தந்த ஒப்புதல் படிவத்தை நீட்டி, "மாமா, ஊடுருவும்னு போட்டிருக்கே, நோய் இன்னும் பரவுமா?" என்று கேட்டான். படிவத்தில் இருந்தது 'குறைந்தபட்ச ஊடுருவல் சிகிச்சை' என்ற தொடர்.

இதன் ஆங்கில மூலமான 'மினிமலி இன்வேசிவ்' என்பதை 1980களில் பரப்பியவர் பிரிட்டிஷ் சிறுநீரக அறுவை மருத்துவர் ஜான் விக்காம். 'இன்வேசிவ்' என்பதன் வேர், உட்புகுதலைக் குறிக்கும் இலத்தீன் வினை.

தமிழில் ஊடுருவுதல் என்பது ஊடே உருவிச் செல்லுதல்; அம்பு மார்பில் பாய்ந்து முதுகுப்புறம் வெளிவருவதைச் சொல்லும் சொல் அது. எல்லை தாண்டும் பகைவருக்கும், திசுக்களில் பரவும் புற்றுக்கும் அதையே ஆள்கிறோம். நீலகிரியிலோ, சோலையையும் புல்வெளியையும் விழுங்கும் உண்ணிச்செடியையும் சீகை மரத்தையும் ஊடுருவும் தாவரங்கள் என்கிறோம். அவற்றைக் கண்முன் கண்டு வாழ்பவன் நோய் பரவுமா என்று கேட்டதில் பிழையே இல்லை. 'குறைந்தபட்சம்' அதனினும் கெடுதல். குறைந்தபட்சக் கூலி என்றால் அதற்குக் குறையாத கூலி என்பது எந்தத் தோட்டத் தொழிலாளிக்கும் தெரியும். அப்படியானால் இத்தொடர் 'இவ்வளவாவது ஊடுருவியே தீரும்' என்றல்லவா பொருள்படும்? அகராதியில் முதலில் கண்ட சொல்லை எடுத்து ஒட்டும் மொழிபெயர்ப்பாளர், அதைப் படிக்கப்போகும் நோயாளியை ஒரு கணமும் நினைப்பதில்லை.

நடப்பது இதுதான்: தொடை இடுக்கிலோ கழுத்திலோ உள்ள சிரையில் சிறு துளையிட்டு, மெல்லிய குழாயை இடது சிறுநீரகச் சிரை வழியாகச் செலுத்தி, புடைத்த சிரைகளின் இரத்தம் வடியும் பாதையை நுனியிலுள்ள பலூனால் அடைத்து, அச்சிரைகளைத் தூர்க்கும் மருந்தைச் செலுத்துகிறார்கள். 1990களில் ஜப்பானில் வளர்ந்த முறை இது. வயிற்றைக் கிழிப்பதில்லை, குழாய் போன வழியே திரும்புகிறது. ஆகவே 'சிறுதுளைச் சிகிச்சை' என்பதே போதும். இதற்கு மட்டும் தனிப்பெயர் வேண்டுமெனில் 'இரைப்பைச் சிரை அடைப்புச் சிகிச்சை' எனலாம்.

நாளிதழ்களின் 'நுண்துளை அறுவை சிகிச்சை', 'குறைந்தபட்ச ஊடுருவலை'விட நன்று. ஆயினும் கண்ணுக்குத் தெரியும் துளையை நுண்துளை என்பது மிகை, கத்தியால் அறுக்காத இம்முறைக்கு 'அறுவை' பொருந்தவும் பொருந்தாது.