நீந்தத் தெரிந்தவர் குதிப்பதற்கு முன்

தீயணைப்பு வீரர்களுக்கும் தன்னார்வலர்களுக்கும் நீர்நிலை மீட்புப் பயிற்சி அளிக்கும்போது, முதலில் கட்டுப்படுத்த வேண்டியிருப்பது நன்றாக நீந்தத் தெரிந்தவர்களைத்தான். கம்பு நீட்டுவது, எட்டாவிட்டால் கயிறு வீசுவது, அதற்கும் வழியில்லாவிட்டால் படகில் செல்வது, இவை எதுவும் கைகொடுக்காத நிலையில் மட்டும் லைஃப் ஜாக்கெட் அணிந்த, பயிற்சி பெற்ற ஒருவர் நீரில் இறங்குவது என்பதே வரிசை. 2022 ஜூன் மாதம் கடலூர் மாவட்டத்தில் கெடிலம் ஆற்றின் தடுப்பணை அருகே, மூழ்கியவர்களைக் காப்பாற்ற இறங்கியவர்களும் சேர்ந்து ஏழு பேர் உயிரிழந்த கொடுமைக்குப் பிறகும், இந்த வரிசை கரையோர மக்களிடம் போய்ச் சேரவில்லை.

கயிறு வீசுவது பார்வைக்கு எளிது. ஆனால் குளத்தில் குறி தப்பாதவர்கள்கூட ஓடும் ஆற்றில் முதல் வீச்சைத் தவறவிடுவது வழக்கம். நீரில் மிதக்கும் கயிற்றின் ஒரு முனையைக் கையில் பிடித்துக்கொண்டு, மீதிக் கயிறு அடங்கிய பையை நீரில் தத்தளிப்பவரின் தலையைத் தாண்டி விழும்படி வீசினால், கயிறு அவர் தோளருகே படியும். அவர் அதைப் பற்றியதும் கரையில் இருப்பவர் உட்கார்ந்து ஊன்றிக்கொண்டால் போதும். நீரோட்டமே அவரை வளைத்துக் கரைசேர்க்கும். கயிற்றை மணிக்கட்டில் சுற்றிக்கொள்வதும் இடுப்பில் கட்டிக்கொள்வதும் வீசியவரையே ஆற்றுக்குள் இழுத்துவிடும். ஊரில் கயிற்றுப் பை கிடைக்காத இடத்தில், மூடிய காலி கேன் ஒன்றைக் கயிற்றில் கட்டி வீசலாம்.

தடுப்பணைக்குக் கீழே இருக்கும் ஆபத்து, அனுபவமுள்ளவர்களையும் ஏமாற்றக்கூடியது. மேலிருந்து விழும் நீர் அடியில் பாய்ந்து எழுந்து, மேற்பரப்பில் மீண்டும் சுவரை நோக்கியே திரும்புவதால், அகப்பட்டவர் அங்கேயே சுழன்றுகொண்டிருப்பார். நுரைத்த நீரில் காற்று கலந்திருப்பதால் மிதப்பதும் கடினம். படகையும் அது சுவரருகே இழுத்துவிடும் என்பதால், இரு கரைகளிலிருந்தும் கயிற்றால் கட்டுப்படுத்தாமல் அங்கே படகைச் செலுத்தக் கூடாது என்று பயிற்சியில் வலியுறுத்துகிறோம்.

மூழ்குகிறவர் பெரும்பாலும் கூச்சலிடுவதில்லை. வாய் நீர்மட்டத்தில் ஏறி இறங்க, கைகளால் நீரை அழுத்தியபடி, ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடக்கூடும். கரையேற்றியபின் வயிற்றை அமுக்குவதும் தலைகீழாகச் சுழற்றுவதும் நம் ஊர்களில் இன்றும் நடக்கின்றன. இவற்றால் வாந்தி மூச்சுக்குழாயில் இறங்குமே தவிர, பலன் இல்லை. மூச்சு நின்றிருந்தால், பயிற்சி பெற்றவர் முதலில் வாயோடு வாய் வைத்துக் காற்றூதிவிட்டு, பிறகு 30 முறை மார்பை அழுத்தி இரண்டு முறை ஊதுவதைத் தொடர வேண்டும். அதற்குள் மற்றொருவர் 108-ஐ அழைத்திருக்க வேண்டும். எழுந்து உட்கார்ந்து தெளிவாகப் பேசுகிறார் என்பதற்காக வீட்டுக்கு அனுப்பிவிடக் கூடாது, ஏனெனில் நுரையீரலில் புகுந்த நீரின் பாதிப்பு சில மணி நேரம் கழித்தும் மூச்சுத்திணறலாக வெளிப்படலாம்.