டர்போவா, சூப்பர்சார்ஜரா? காற்றைத் திணிக்க இரண்டு வழிகள்

ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். பெட்ரோலை வேண்டிய அளவு பீய்ச்சிவிடலாம், தட்டுப்பாடு காற்றுக்குத்தான். 2 லிட்டர் இன்ஜின் 6000 ஆர்.பி.எம்.மில் ஓடினாலும் தானாக உறிஞ்சுவது நிமிடத்துக்குச் சுமார் 6000 லிட்டர்தான். அதற்கு மேல் வேண்டுமென்றால் காற்றை அமுக்கித் திணிக்க வேண்டும். அமுக்கும் வலுவை எங்கிருந்து எடுப்பது என்பதில்தான் டர்போவும் சூப்பர்சார்ஜரும் பிரிகின்றன.

சூப்பர்சார்ஜர் இன்ஜினின் சுழலும் தண்டான கிராங்கிலிருந்தே பெல்ட் போட்டு எடுத்துக்கொள்கிறது. கிராங்க் புல்லி 160 மி.மீ., சூப்பர்சார்ஜர் புல்லி 80 மி.மீ. என்றால் இன்ஜினைவிட இரு மடங்கு வேகத்தில் சுற்றும். இரண்டு சுழலிகள் காற்றைத் தள்ளும் ரூட்ஸ் வகையில் 1500 ஆர்.பி.எம்.மிலேயே அழுத்தம் கிடைப்பதால், மிதித்தவுடன் பிக்கப் வரும். ஆனால் 2 லிட்டர் இன்ஜினில் 0.7 பார் (ஒரு பார் ஏறத்தாழ வளிமண்டல அழுத்தம்) கூடுதல் அழுத்தத்தை உச்ச வேகத்தில் தர, சூப்பர்சார்ஜரே ஏறத்தாழ 15 குதிரைத்திறனைத் தின்றுவிடும். சக்கரம் சுழன்று காற்றை வெளிப்புறமாக வீசி அமுக்கும் சென்ட்ரிஃபியூகல் வகையும் பெல்ட்டில்தான் ஓடுகிறது, ஆனால் அதன் அழுத்தம் வேகம் ஏற ஏறத்தான் கூடும். கீழ் வேக இழுவைக்காக அதை வாங்கினால் ஏமாற்றமே.

டர்போ, சைலன்சர் வழியே வீணாகப் போகும் சூட்டுப் புகையில் டர்பைன் என்ற சக்கரத்தைச் சுழற்றி, அதே தண்டிலுள்ள கம்ப்ரஸரால் காற்றை அமுக்குகிறது. சிறிய டர்போக்கள் நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்றைக்கூடத் தொடும். புகை வெளியேறும் பாதையில் எதிரழுத்தம் ஏறுவதால் இதையும் முழு இலவசம் என்று சொல்ல முடியாது. பெல்ட் தின்பதைவிடக் குறைவு, அவ்வளவே. புகை போதுமான அளவு வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான் டர்போ லேக். சிறிய டர்பைன் சீக்கிரம் எழும், உயர் வேகத்தில் மூச்சு முட்டும், பெரியது நேர்மாறு. இரண்டு நன்மைகளையும் சேர்த்துப் பிடிக்க ஃபோக்ஸ்வேகன் 2005இல் 1.4 லிட்டர் இன்ஜினில் சூப்பர்சார்ஜர், டர்போ இரண்டையும் பொருத்தி 170 குதிரைத்திறன் எடுத்தது. சூப்பர்சார்ஜரின் வேலை 3500 ஆர்.பி.எம். அளவில் முடிந்துவிடும். அருமையான பொறியியல்தான், ஆனால் செலவும் சிக்கலும் இரட்டிப்பு. பின்னர் அவர்களே டர்போ மட்டும் போதும் என்று திரும்பிவிட்டார்கள்.

எதைப் பொருத்தினாலும் சூட்டிலிருந்து தப்ப முடியாது. 30 டிகிரி காற்றை 0.7 பார் கூட்டி அமுக்கினால், 70 சதவீதத் திறனுள்ள கம்ப்ரஸரிலிருந்து அது சுமார் 100 டிகிரியில் வெளிவரும். விரிந்த காற்று என்பதால் அடர்த்தி 38 சதவீதம்தான் கூடியிருக்கும். அமுக்கிய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் அதை 50 டிகிரிக்கு இறக்கினால் 60 சதவீதம்! கூடவே நாக்கிங் (கலவை தானாகவே தாறுமாறாக வெடிப்பது) அபாயமும் குறையும். அதனால் இன்டர்கூலரில் காசு மிச்சம் பிடிக்கவே கூடாது.

சாதாரண இன்ஜினில் பின்னர் பொருத்துவதாக இருந்தால் முதலில் கம்ப்ரஷன் விகிதத்தை (சிலிண்டர் கலவையை எத்தனை மடங்கு அமுக்குகிறது என்பதை) பாருங்கள். அது 10.5க்கு மேல் இருந்து, போடுவது 91 ஆக்டேன் (நாக்கிங்கைத் தாங்கும் திறனின் அளவு) பெட்ரோல் என்றால், 0.4 பார் கூடுதல் அழுத்தமே எல்லைக்கு அருகில்தான். பெரிய இன்ஜெக்டர், ஒரு படி குளிர்ந்த பிளக், மறுபடி எழுதிய ஈ.சி.யூ. (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) இல்லாமல் தொடாதீர்கள். முழு மிதியில் காற்றும் பெட்ரோலும் 12க்கு 1 என்ற அளவில், பெட்ரோல் கூடுதலாக இல்லாவிட்டால் பிஸ்டன் உருகும்.

தினமும் ஓட்டும் காருக்கு எங்கள் தேர்வு டர்போதான், மைலேஜுக்காகவே. மிதித்த நொடியே இழுவை வேண்டும், பெட்ரோல் செலவு பொருட்டில்லை, இன்ஜினும் பெரியது என்றால் ரூட்ஸ் வகை சூப்பர்சார்ஜர். அதற்குப் பெரும்பாலும் தன் ஆயில் தனியே உண்டு. பெல்ட் வழுக்கினால் அழுத்தம் குறையும், வேறு தொல்லை அதிகமில்லை.

டர்போவின் உயிர் இன்ஜின் ஆயிலில் இருக்கிறது. விரட்டி ஓட்டியபின் ஓரிரு நிமிடம் ஐடிலில் விட்டு அணையுங்கள். இல்லையேல் பேரிங்கில் தேங்கிய ஆயில் கருகிக் கரியாகும். நீலப் புகை வந்தால் உடனே டர்போவை மாற்றாதீர்கள். ஆயில் திரும்பும் குழாய் தடிமனாக, மடிப்பின்றி, சம்ப்பில் (இன்ஜின் அடியிலுள்ள ஆயில் தொட்டி) ஆயில் மட்டத்துக்கு மேலே சேரும்படி சரிவாக இருக்கிறதா, இன்ஜின் உள்ளே தேங்கும் வாயுவை வெளியேற்றும் கிராங்க்கேஸ் பிரீதர் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். பிரீதர் அடைத்தால் சம்ப்பில் அழுத்தம் ஏறி, வடிய வழியில்லாத ஆயில் சீலைத் தாண்டி வழியும். அப்போது புது டர்போவும் அதே நீலப் புகையைத்தான் விடும்.