பெரட்டில் சொன்னது நிரையில் ஏன் நடப்பதில்லை?

மலேசியாவின் தெலுக் இந்தான் வட்டாரத்துச் செம்பனைத் தோட்டங்களிலும் ஆலைகளிலும் பணியாளர் நடத்தை குறித்து ஆலோசனை வழங்கிவரும் எனக்கு வரும் முறையீடு பெரும்பாலும் ஒன்றுதான்: "எத்தனை தடவை சொல்லியும் கேட்கமாட்டேன் என்கிறார்கள்." இதைச் சொல்பவர் தோட்ட மேலாளராக இருக்கலாம், தொழிலாளர்களை மேற்பார்க்கும் மண்டோராக இருக்கலாம், மகனின் கைப்பேசியோடு மல்லுக்கட்டும் தாயாகவும் இருக்கலாம். எத்தனை தடவை சொன்னோம் என்பது அவர்களுக்கு நன்றாக நினைவிருக்கிறது. சொன்னபடி செய்தவருக்கு என்ன கிடைத்தது, செய்யாதவருக்கு என்ன கிடைத்தது என்று கேட்கும்போதுதான் பதில் தடுமாறுகிறது.

உதிரிப் பழத்தை எடுத்துக்கொள்வோம். செம்பனைக் குலை பழுத்ததும் பழங்கள் கழன்று மரத்தடியில் சிதறும். அவை எண்ணெய் செறிந்தவை. பொறுக்காமல் விட்டால் ஆலைக்குக் கிடைக்கும் எண்ணெய் குறைவதோடு, அங்கேயே முளைத்துக் களையாகவும் நிற்கும். ஆகையால் "உதிரியை விடாதே" என்ற கட்டளை ஏறக்குறைய எல்லாத் தோட்டங்களிலும் வேலைக்கு முன் ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டில் ஒலிக்கிறது. அப்படி ஒலித்தும் பயன் காணாத ஒரு தோட்டத்தில், யாரையும் எதுவும் கேட்காமல் ஒரு காலை முழுவதும் நிரையோரம், அதாவது மரவரிசையின் ஓரம், நின்று பார்த்தேன். அனுபவமுள்ள ஒரு தொழிலாளி நீண்ட கழியின் அரிவாளால் குலையை இறக்கினார்; காம்பை வெட்டினார்; குலையைத் தள்ளுவண்டியில் ஏற்றினார்; புல்லுக்குள் சிதறிக் கிடந்த பழங்களை ஒருமுறை பார்த்துவிட்டு, பூட்ஸ் காலால் மட்டைக் குவியலுக்கு அடியில் ஒதுக்கிவிட்டு அடுத்த மரத்துக்கு நகர்ந்தார்.

மேலாளர் இதைச் சோம்பல் என்றார். எனக்கு அது கணக்காகத் தெரிந்தது. கூலி இறக்கிய குலையின் எடைக்கு. குனிந்து குனிந்து பழம் பொறுக்கும் நேரத்தில் இன்னும் சில குலைகளை இறக்கிவிடலாம். உதிரிக்கான தொகையோ மிகச் சிறியது, அதுவும் மாதக் கடைசியில் சம்பளச் சீட்டின் ஏதோ ஒரு வரியில் வருவது. பழம் போடும் சாக்கு ஸ்டோரில் இருந்தது, ஸ்டோர் திறப்பதற்குள் பெரட்டு முடிந்துவிடும். பழத்தை விட்டால் மண்டோர் திட்டுவார் என்பது உண்மைதான். ஆனால் அவர் அன்று அந்த நிரைக்கு வந்தால்தானே? விடுவதன் லாபம் உடனடியானது, உறுதியானது. பொறுக்குவதன் லாபம் தள்ளிப்போவது, தண்டனையோ வந்தால் வரும் என்ற நிலையில் இருப்பது. அவருடைய இடத்தில் நீங்களோ நானோ இருந்தாலும் மட்டைக் குவியலைத்தான் நாடியிருப்போம்.

நடத்தை அறிவியலின் அடிப்படை இதுதான். 1898இல் அமெரிக்க உளவியலாளர் எட்வர்டு தோர்ன்டைக் கூண்டில் அடைத்த பூனைகளை வைத்து ஆராய்ந்து, திருப்தியான விளைவைத் தரும் செயல் நிலைபெறுகிறது என்று கண்டார். பி. எஃப். ஸ்கின்னர் 1930களில் அதை ஒரு தனி அறிவியலாகவே வளர்த்தெடுத்தார். செயலுக்கு முன்னால் வரும் கட்டளை, அறிவிப்புப் பலகை, பயிற்சி ஆகியவை செயலைத் தொடங்கி வைக்கலாம். அது நிலைக்குமா என்பதைப் பின்னால் வரும் விளைவே முடிவு செய்கிறது. நம் நிர்வாகங்களோ முன்னதில் எல்லாச் சக்தியையும் செலவழிக்கின்றன. பெரட்டில் தமிழிலும் மலாயிலும் முழங்கும் கட்டளை, அண்மையில் வங்காளதேசத்திலிருந்து வந்த தொழிலாளிக்கு எவ்வளவு புரிந்தது என்பதைக்கூட யாரும் சோதிப்பதில்லை.

அந்தத் தோட்டத்தில் செய்த மாற்றங்கள் எளியவை. சாக்கைப் பெரட்டிலேயே கையில் கொடுத்தார்கள். மரத்தைச் சுற்றியுள்ள வட்டத்தைப் புல் இல்லாமல் வைத்தார்கள். உதிரியை அன்றன்றே, பொறுக்கியவரின் கண்ணெதிரே எடைபோட்டு, ஒவ்வொரு குழுவின் எடையையும் பலகையில் எழுதினார்கள். தொகையையும் நிர்வாகம் உயர்த்தியது. அது இல்லாமல் நான் உடன்பட்டிருக்கமாட்டேன். மண்டோர் இளைஞர்; "நல்லா செய்றீங்க" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிப் பழகியவர். "அண்ணே, இந்த வரிசையில ஒரு மரத்தடியிலயும் பழம் கிடக்கல" என்று, பார்த்ததைப் பார்த்தபடி, பார்த்த இடத்திலேயே சொல்ல அவருக்குச் சில வாரங்கள் பிடித்தன. மட்டைக் குவியல்களுக்கு அடியில் பழம் தேடும் வேலை அதன் பிறகு வெகுவாகக் குறைந்துவிட்டது.

திட்டுவது ஏன் இவ்வளவு பரவலாக இருக்கிறது என்பதற்கும் இதே அறிவியலில் விடை உண்டு. திட்டியதும் எதிரில் இருப்பவர் அந்தக் கணமே ஓடி வேலை செய்கிறார். அந்த உடனடிப் பலன் திட்டியவரின் பழக்கத்தைத்தான் வலுப்படுத்துகிறது. மறுநாள் நிரை பழையபடியே கிடக்கும், அதற்கும் சேர்த்துத் திட்டுவார். காயம்பட்டவரைத் திட்டும் இடத்தில் இதைவிடப் பெரிய கேடு நேர்கிறது: சிறு காயங்களும் மயிரிழையில் தப்பிய சம்பவங்களும் அலுவலகத்துக்கே வராமல் போகின்றன. வேலையிடப் பாதுகாப்புச் சட்டம் 1994 முதல் இருக்கிறது, அதன் திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது. என்றாலும் மறைக்கப்பட்ட காயத்தைச் சட்டத்தால் பார்க்க முடியாது.

பாதுகாப்பில் என்ன செய்யலாம் என்பதற்கு 1978இல் ஜூடித் கொமாகியும் உடன் ஆய்வாளர்களும் அமெரிக்க ரொட்டித் தொழிற்சாலை ஒன்றைப் பற்றி வெளியிட்ட ஆய்வு நல்ல சான்று. பாதுகாப்பான செயல் எது என்று தெளிவாக வரையறுத்து, அடிக்கடி கவனித்து, முடிவை வரைபடமாக அனைவரும் பார்க்க மாட்டினார்கள். இரு பிரிவுகளில் 70, 78 விழுக்காடாக இருந்த பாதுகாப்பான நடத்தை 96, 99 விழுக்காடாக உயர்ந்தது. கவனிப்பையும் வரைபடத்தையும் நிறுத்தியபோது பழைய நிலைக்கே இறங்கியது. இந்தப் பின்பகுதியைத்தான் நான் நிர்வாகிகளிடம் மீண்டும் மீண்டும் வலியுறுத்துவேன்: பலகையில் எழுதும் மண்டோர் விடுப்பில் போனால் யார் எழுதுவது என்று முதல் நாளே முடிவு செய்துவிட வேண்டும்.

வீட்டிலும் இதே விதிகள்தாம். கடையில் மிட்டாய்க்கு அழும் குழந்தைக்கு "இல்லை" என்று சொல்லத் தொடங்கினால், அழுகை குறைவதற்கு முன்பு கூடும். இது எதிர்பார்க்க வேண்டியதே. கூடிய நேரத்தில் பாட்டி மனமிரங்கி வாங்கிக் கொடுத்தால், இன்னும் உரக்க அழுதால் கிடைக்கும் என்பதே குழந்தைக்குப் பாடம். பத்து முறை மறுத்து ஒருமுறை கொடுப்பது, எப்போதும் கொடுப்பதைவிட அழுகையை நீண்ட நாள் நிலைக்க வைக்கும். எப்போது விழும் என்று தெரியாத பரிசுக்காக வாரந்தோறும் நான்கு நம்பர் லாட்டரி எடுப்பவர்களை நம் ஊரில் அறியாதவர் யார்?

ஓர் எச்சரிக்கை மட்டும் அவசியம். என்னை அழைக்கும் சில நிர்வாகங்கள், கூலியைத் தொடாமல் பாராட்டை மட்டும் கூட்டி வேலை வாங்க ஒரு வழி கேட்கின்றன. அத்தகைய இடங்களில் முதலில் சம்பளச் சீட்டையும், கருவிகளின் நிலையையும், குடியிருப்பின் தண்ணீர்க் குழாயையும் பார்க்க அனுமதி கேட்பேன். அனுமதி மறுக்கப்பட்டால் அந்தப் பணியை ஏற்பதில்லை.