மாற்றச் சொல்லா, இணைப்புச் சொல்லா?

கட்டுரைப் பயிற்சிக் குறிப்புகளில், வாக்கியங்களையும் பத்திகளையும் கோக்கும் 'மேலும்', 'ஆனால்' போன்ற சொற்களுக்கு ஆங்கிலம் தரும் 'டிரான்சிஷன் வேர்ட்ஸ்' என்ற பெயரை 'மாற்றச் சொற்கள்' என்று அச்சடிக்கிறார்கள். இன்னும் கொஞ்சம் மெனக்கெட்டவர்கள் 'நிலைமாற்றச் சொற்கள்' என்கிறார்கள். இரண்டும் தப்பு.

மூலம் லத்தீன். 'டிரான்ஸ்' என்றால் அப்பால். 'ஈரே' என்றால் போதல். கடந்து போவதுதான் பொருள், மாறுவது அல்ல.

'மேலும்', 'அதாவது', 'எடுத்துக்காட்டாக' ஆகியவை எதை மாற்றுகின்றன? முன்னதோடு ஒன்றைக் கூட்டுகின்றன, விளக்குகின்றன, சான்று காட்டுகின்றன. பேச்சைத் திருப்புவன 'ஆனால்', 'ஆயினும்' போன்ற சில மட்டுமே. மதுரை மாட்டுத்தாவணியில் இறங்கி ஆரப்பாளையத்துக்கு வேறு பஸ் ஏறினால் அது மாற்றம். பத்தி மாறினாலும் படிப்பவர் பஸ் மாறுவதில்லை. போதாக்குறைக்கு 'மாற்றச் சொல்' காதில் 'மாற்றுச் சொல்' என்றே விழுகிறது. மாணவர் அதே பொருள் தரும் வேறு சொல்லை எழுதி வைக்கிறார். பழைய தமிழில் மாற்றம் என்பதற்கே சொல், மறுமொழி என்ற பொருள்கள் உண்டு. அப்படிப் பார்த்தால் மாற்றச் சொல் என்பது 'சொற்சொல்'! 'நிலைமாற்றம்' இன்னும் மோசம். பனிக்கட்டி உருகித் தண்ணீராவதற்கு வைத்த பெயர் போலிருக்கிறது.

வேதியியல்காரர்கள் இதே ஆங்கிலச் சொல்லை 'இடைநிலைத் தனிமங்கள்' என்று அழகாக முடித்தார்கள். வேலையைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள், அகராதியைப் பார்த்து அல்ல. அதற்காக 'இடைநிலைச் சொல்' என்று இங்கே கொண்டுவர முடியாது. 'செய்தான்' என்பதில் வரும் 'த்' தான் இலக்கணத்தில் இடைநிலை.

பள்ளிப் பாடநூல்களில் 'இணைப்புச் சொற்கள்' ஏற்கெனவே இருக்கிறது. தெளிவானது, அதுவே போதும். பத்தியைப் பத்தியோடு சேர்ப்பது முழு வாக்கியமானால் 'இணைப்புத் தொடர்' என்க. தொல்காப்பியச் செய்யுளியல், பொருள் தள்ளிக் கிடந்தாலும் அருகில் கிடந்தாலும் கொண்டுவந்து சேர்த்து முடிப்பதை 'மாட்டு' என்கிறது. கச்சிதமான சொல், ஆனால் இன்றைக்குச் சொன்னால் கொம்புதான் நினைவுக்கு வரும். நன்னூல், சூத்திரங்கள் அடுத்தடுத்து அமையும் முறைக்குச் சொன்ன நான்கும் கட்டுரைக்கு அப்படியே பொருந்தும். ஆற்றொழுக்கு இடையறாத ஓட்டம். அரிமா நோக்கம் முன்னும் பின்னும் பார்ப்பது. தவளைப் பாய்த்து இடைவிட்டுத் தாவுவது. பருந்தின் வீழ்வு வேண்டியதை மட்டும் கொத்திக்கொண்டு போவது. நல்ல இணைப்புத் தொடர் அரிமா நோக்கம்: முதல் பாதி முந்தின பத்தியைத் தொடும், மறுபாதி அடுத்ததைத் திறக்கும்.

பெயரை விடப் பெரிய கோளாறு, ஆங்கிலப் பட்டியலைப் பெயர்த்து வாக்கியத்துக்கு ஒன்று என்று ஒட்டுவது. தமிழில் இணைப்பு பெரும்பாலும் வினைக்குள்ளேயே இருக்கிறது. மழை பெய்து குளம் நிறைந்தது, பெய்ததால் நிறைந்தது, பெய்தால் நிறையும், பெய்தும் நிறையவில்லை. தொடர்ச்சி, காரணம், நிபந்தனை, முரண் நான்கும் ஒரே வினையில் முடிந்துவிட்டன. 'மழை பெய்தது. இதன் விளைவாகக் குளம் நிறைந்தது' என்று எழுதுபவர் இரண்டு சொல்லை வீணாக்குகிறார். 'மறுபுறம்' என்பதோ 'ஆன் தி அதர் ஹேண்ட்' என்ற ஆங்கிலக் கை. அந்த இடத்தில் 'ஆனால்' போதும். பெயர்களை 'மற்றும்' போட்டுக் கோப்பதும் அதே நோய்: 'வைகையும் பெரியாறும்' என்றால் என்ன குறைந்துவிடும்?

திருத்தும்போது பத்தியிலுள்ள இணைப்புச் சொற்களையெல்லாம் அடித்துவிட்டுப் படிக்க வேண்டும். பொருள் தடுமாறும் இடத்தில் மட்டும் திரும்பப் போட வேண்டும். 'வைகை வருசநாட்டு மலையில் பிறக்கிறது. மேலும், மதுரையில் பல மாதம் மணலாகக் கிடக்கிறது' என்பதில் 'மேலும்' பொய் சொல்கிறது; அங்கே வேண்டியது 'ஆனால்'. 'எனவே' போடுமுன், முந்தின வாக்கியம் உண்மையிலேயே காரணமா என்று பார்க்க வேண்டும். சந்தேகம் வந்தால் அந்த இடத்தில் மதுரைப் பேச்சின் 'அதேன்' (அதனால்தான்) போட்டுச் சொல்லிப் பார்க்கலாம். 'தண்ணி வரல, அதேன் நடவு தள்ளிப்போச்சு' ஒட்டுகிறது. 'தண்ணி வரல, அதேன் வைகை நீளமான ஆறு' ஒட்டவில்லை.